ஊர்ப் பஞ்சாயத்தைச் சங்கமாகப் பதிவு செய்யலாமா? வரி, கணக்கு, தலைக்கட்டு: உங்கள் கரையில் என்ன வழக்கம்?

கணக்கு நோட்டு (நாகை)

வணக்கம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இந்த ஆண்டு ஊர்க் கணக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கேள்வி நீளமானது. பொறுமையாகப் படித்து, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முதலில் எங்கள் ஊர் நடக்கும் விதம். நான் சொல்வது அரசு ஊராட்சியை அல்ல, மீனவர்கள் தாங்களே வைத்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தை. தெருவுக்கு இத்தனை பேர் என்று பஞ்சாயத்தாரை ஊர்க்கூட்டம் நிறுத்துகிறது. அப்பாவுக்குப் பின் மகன் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், ஆன காலம் மலையேறிவிட்டது. சரியில்லை என்றால் கூட்டம் கூடி இறக்கியும் விடுகிறார்கள். கூட்டம் கோயில் வாசலில் நடக்கும். முதல் நாள் மாலையே மைக்கில் சொல்லிவிடுவார்கள், அன்று யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது.

வரவு பல வழியில் வருகிறது. திருமணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. திருவிழாவை ஒட்டித் தலைக்கட்டு வரி கட்ட வேண்டும். படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போகும்போது அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு ஊருக்கு. வெளியூர் வியாபாரிகளின் வண்டிகளிடம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை குத்தகைக்கு விடுகிறோம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர் கட்டும் அபராதம் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு வரவு அடியோடு நின்றுவிடும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டுச் செலவுக்கே போதாது, அதில் வரி கேட்க யாருக்கும் மனம் வராது.

செலவில் பெரும்பங்கு திருவிழாவுக்கு. அடுத்தது, படகு திரும்பாத நாட்களில் தேடப் போகும் படகுகளுக்கு டீசல். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர் வீட்டுக்கு உதவி, ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையும் செலவு, கரை விளக்குக்கு மின்கட்டணம், இப்படிப் போகும்.

நான் ஏலம் நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். படகின் பெயர், மீன், தொகை, ஊர்ப் பங்கு என்று நான்கு கட்டம். படகுக்காரர் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நண்டு அதிகம் படும் நாளில் தாள் முழுக்க ஈரமாகிவிடும், பேனா ஓடாது. பென்சிலில் எழுதி, வீட்டுக்கு வந்து மையில் ஏற்றுகிறேன்.

இப்போது விஷயம். ஒரு நிறுவனம் எங்களுக்குக் கருவாட்டுக் களமும் வலை பின்னும் கூடமும் கட்டித் தர முன்வந்திருக்கிறது. பதிவு பெற்ற அமைப்பும், அதன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால்தான் பணம் தர முடியும் என்கிறார்கள். ஊர்ப் பணம் இப்போது மூன்று பஞ்சாயத்தார் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கிறது. ‘பதிவு செய்துவிடுவோம்’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ‘ஊரைக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தில் அடகு வைக்காதே’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?


கரைவலை (தரங்கம்பாடி பக்கம்)

தம்பி, உன் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை இலேசாகத் தள்ளிவிடாதே. நான் பஞ்சாயத்தில் இருந்தவன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஊர்ப் பஞ்சாயத்தின் பலம் அது உடனே முடிவெடுப்பதில்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வர வேண்டிய படகு இரவு பத்துக்கும் வரவில்லை என்று வை. கடலோரக் காவல் படைக்கும் மீன்வளத் துறைக்கும் தகவல் சொல்கிறோம், அது நடக்க வேண்டிய முறை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் பத்துப் படகு புறப்பட வேண்டுமே. டீசலுக்கு யார் பணம் தருவது என்ற கேள்வியே எழக் கூடாது. ஊர்ப் பணம் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் பையன்கள் நங்கூரத்தை எடுக்கிறார்கள். செயற்குழுவைக் கூட்டி, தீர்மானம் போட்டு, காசோலையில் இருவர் கையெழுத்து வாங்கி டீசல் அடிக்க முடியுமா?

இன்னொன்று, வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு இந்த மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகல் நேரத்தில் மட்டும் என்று நிபந்தனை போட்டு இடைக்கால அனுமதி தந்தது. கடலுக்குள் 12 மைலை யார் அளந்து பார்ப்பது? ஊர்கள் சேர்ந்து பேசி முடிவெடுத்த இடத்தில்தான் ஓரளவு அமைதி இருக்கிறது. இந்தக் கரையின் அறுபத்து நான்கு மீனவக் கிராமமும் கூடிப் பேசும் பழக்கம் நமக்கு இருப்பதால்தான் கரையில் இரத்தம் சிந்தாமல் பல சண்டைகள் முடிந்திருக்கின்றன. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பதிவு செய்த சங்கத்துக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள அதிகாரம் மட்டும்தான் இருக்கும்.

சங்கம் ஆகிவிட்டால், நாளைக்கு அபராதம் பிடிக்காத ஒருவன் ஊர்க்கூட்டத்துக்கு வர மாட்டான். நேரே மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுப்பான். பக்கத்து ஊரில் நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு ஊர், இரண்டு சங்கம், இரண்டு தலைவர். திருவிழாவே நின்றுபோனது.


கூடைக்காரி

நான் மீன் விற்கிறவள். கணக்கு எழுதும் தம்பிக்கு ஒரு கேள்வி. திருமணமான ஆண் தலைக்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இறந்த பிறகு அந்த வீடு உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஏலத்தில் மீன் எடுப்பது யார்? பாதிக்கு மேல் எங்களைப் போன்ற பெண்கள்தான். ஏலத் தொகையில் ஊர்ப் பங்கு எடுக்கிறீர்கள் என்றால் அது எங்கள் கையிலிருந்து வந்த பணம். அதைக் கொண்டு நடக்கும் கூட்டத்தில் நாங்கள் உட்காரக் கூடாது. கோயில் வாசலுக்கு வெளியே சுவர் ஓரமாக நின்று, யாராவது வந்து முடிவைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். கருவாட்டுக் களம் வரப்போகிறது என்கிறீர்கள். கருவாடு போடுவது ஆண்களா? களம் எங்கே வர வேண்டும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், இரவில் விளக்கு வேண்டுமா என்று ஒரு பெண்ணிடமாவது கேட்டீர்களா?

பதிவு செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதை முதலில் பேசுங்கள்.


கணக்கு நோட்டு (நாகை)

அக்கா, நேராகவே பதில் சொல்கிறேன். கணவர் இறந்த வீட்டுக்கு எங்கள் ஊரில் வரி கிடையாது. வரி இல்லாததால் தலைக்கட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லை. மகன் திருமணம் செய்த பிறகு அவன் பெயரில் அந்த வீடு திரும்ப வரும். சலுகை என்ற எண்ணத்தில்தான் வரியை நீக்கியிருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து ஏதாவது வந்து தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது அந்த வீடு விடுபட்டுப் போகிறது. களம் பற்றிப் பெண்களிடம் இதுவரை கேட்கவில்லை.


முட்டத்து அலை (குமரி)

எங்கள் கரையில் கதையே வேறு, அதனால் சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் கடலோர ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குகள், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்கள். ஊர் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் பல காலமாக ஒன்றாகவே இருந்தன. பிடிபடும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். குத்தகை எடுத்தவர் முன்பணம் கட்டிவிடுவதால் கோயிலுக்கு ஆண்டு வரவு உறுதி. ஆனால் மீன் குறைந்த ஆண்டில் குத்தகைக்காரருக்கும் படகுக்காரருக்கும் கரையில் தினம் சண்டை. உங்கள் ஊரில் வண்டி வசூலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள், சரி. மீன் ஏலப் பங்கை மட்டும் எக்காலத்திலும் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோட்டாறு மறைமாவட்டத்தில் அன்பியங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம். அன்பியத்திலிருந்து பங்குப் பேரவைக்கு ஆள் போவார்கள், அதில் பெண்களும் உண்டு. பங்குத்தந்தைதான் தலைவர் என்பதால் கடைசி வார்த்தை அவருடையது என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டைக் கணக்கெடுக்கும்போது கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. வீடு என்றால் வீடு.

இன்னொரு முன்மாதிரியும் இந்தத் தென்கரையில் இருக்கிறது. 1980-இல் திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சிஃப்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன் அடிப்படை, ஊர்ச் சங்கம் கரையில் நடக்கும் முதல் விற்பனையைத் தன் கைக்குள் கொண்டுவருவது. ஏலத்தைச் சங்கமே நடத்தும். விற்ற தொகையில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கு, ஒரு பகுதி மீனவர் பெயரில் சேமிப்புக்கு, கடன் இருந்தால் ஒரு பகுதி தவணைக்கு. படகுக்காரருக்குச் சீட்டும் பாஸ்புத்தகமும் கிடைக்கும். மீனுக்கு விலை வைக்கும் தரகரிடமே கடனும் பட்டுக் கிடந்த நிலையை அதுதான் பல ஊர்களில் உடைத்தது. ஊர்ப் பஞ்சாயத்தை மாற்றாமலேயே, தொழில் வேலைக்குத் தனிச் சங்கம் வைக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.


தணிக்கை

நான் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்கிறவன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். செயற்குழுவில் குறைந்தது மூவர் வேண்டும், அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், வரவு செலவையும் உறுப்பினர் விவரத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்வது எளிது. ஆண்டுதோறும் தாக்கல் செய்வதுதான் கடினம். பல ஊர்ச் சங்கங்கள் பதிவு செய்த உற்சாகத்தில் இரண்டு ஆண்டு தாக்கல் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகின்றன. பிறகு வங்கிக் கணக்கு முடங்கும்போதுதான் ஓடி வருகிறார்கள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். அந்த நிறுவனம் தரப்போவது நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வரும் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) என்று நினைக்கிறேன். அப்படியானால், நீங்கள் நாளைக்கே பதிவு செய்தாலும் அந்தப் பணம் உங்கள் சங்கத்துக்கு நேராக வராது. 2021 விதித் திருத்தத்தின்படி, பணத்தை வாங்கிச் செலவழிக்கும் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரிவிலக்குக்கும் நன்கொடைச் சலுகைக்கும் உரிய பதிவுகள் (1961 சட்டத்தில் 12ஏ, 80ஜி) இருக்க வேண்டும். அதே வகை வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். புதிய சங்கத்துக்கு அந்த மூன்று ஆண்டு எங்கிருந்து வரும்?

ஆகவே நிறுவனத்திடம் இரண்டு வழி கேளுங்கள். ஒன்று, அவர்களே நேரடியாகக் கட்டித் தரட்டும். சட்டம் அதைத் தடுக்கவில்லை. இரண்டு, ஏற்கெனவே தகுதி பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகக் கட்டட்டும், பராமரிப்பை மட்டும் உங்கள் சங்கம் எடுத்துக்கொள்ளட்டும். எப்படியானாலும் களம் வரும் நிலம் யாருடையது என்று பாருங்கள். கடற்கரை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம் ஆகியவற்றை 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர் தேவைகளாக ஏற்றிருக்கிறது. அதற்காக அனுமதி கேட்காமல் கட்டலாம் என்று பொருள் இல்லை.

திருவிழா நன்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குரிய பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. ‘நம்ம பையன்தானே’ என்பதைச் சட்டம் ஏற்காது.

கடைசியாக, பென்சில். அதை இன்றோடு நிறுத்துங்கள். வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் வாங்குங்கள். மேல்தாள் படகுக்காரருக்கு, அடித்தாள் ஊருக்கு. ஈரத்தில் மேல்தாள் கிழிந்தாலும் அடித்தாளில் எழுத்து நிற்கும். அழித்து எழுதக்கூடிய எதுவும் கணக்கு ஆகாது.


பாட்டுக்காரன் (பழவேற்காடு)

எங்கள் ஏரியில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் இறால் படும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரிக்கிறோம். நல்ல பாடு ஒருவருக்கே எப்போதும் போகாது. சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். வலை எப்போது இறக்குவது, எப்போது எடுப்பது என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. வரியும் பாட்டை வைத்துத்தான். பணம் ஊருக்குப் போகிறது, கோயிலுக்குப் போகிறது, வழக்குச் செலவுக்கும் போகிறது. ஏரிக்கு உரிமை கேட்டு வேறு ஊர்களும் வேறு சமூகத்தாரும் வரும்போது வழக்கு வராமல் இருக்குமா?

இந்த முறையை எல்லாரும் புகழ்ந்து எழுதுகிறார்கள். புகழ வேண்டியதுதான், ஏரியைத் தேய்த்து எடுக்காமல் இத்தனை தலைமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இதற்குள்ளும் கூடைக்காரி அக்கா கேட்ட கேள்வி இருக்கிறது. பாட்டில் சேர திருமணமான ஆணாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஊர்க்காரனாக, குறிப்பிட்ட சாதிக்காரனாக இருக்க வேண்டும். சேற்றில் முழங்கால் புதைய நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் பாடு இல்லை.

பணம் பற்றி ஒன்று. வெளிப்பணம் ஊருக்குள் வருவதற்கு முன், அதை எந்த நோட்டில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் பெரிய திட்டங்கள் வந்தபோது ஊர்களுக்கு உதவித்தொகை வந்தது. அது கோயில் பணத்தோடு கலந்தது. பிறகு திட்டத்தை எதிர்த்துப் பேச ஊருக்குள் நாக்கு எழவில்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூசிய பணம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும் அல்லவா?


வடமராட்சியான்

வணக்கம். யாழ்ப்பாணக் கரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஊருக்கு ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சங்கங்கள் சேர்ந்து சமாசம். கூட்டுறவு மாகாண சபையின் கீழ் வரும் துறை என்பதால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் கணக்காய்வு செய்யும். மீன் சந்தைப்படுத்தும் இடத்தில் விற்ற தொகையிலிருந்து சங்கத்துக்கு ஒரு வீதம் கழியும். கடலில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பனவு, வாசிகசாலை, இறங்குதுறை துப்புரவு, கோயில், எல்லாம் அதிலிருந்துதான்.

கரைவலை ஐயா பயப்படுவது போல, பதிவு இருப்பதால் ஊர்க் கட்டுப்பாடு போய்விடவில்லை. எந்த நேரத்தில் தொழிலுக்கு இறங்குவது, யாருக்குத் துறை என்பதைச் சங்கமே பேசித் தீர்க்கிறது. அதிகாரிகளிடம் போகும்போது சங்கத்தின் முத்திரையோடு போகிற கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது. போர் முடிந்து மீள்குடியேறிய ஊர்களில் முதலில் எழுந்து நின்ற அமைப்புகளில் இந்தச் சங்கங்களும் அடங்கும்.

ஆனால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவுள்ள சங்கத்திலும் பொதுக்கூட்டத்துக்கு ஆட்கள் வராவிட்டால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும்தான் சங்கம். கணக்காய்வாளர் சீட்டுகளைச் சரிபார்ப்பார். அந்தச் செலவு தேவைதானா என்று அவர் கேட்க மாட்டார், அதை ஊர்தான் கேட்க வேண்டும்.


கரைவலை (தரங்கம்பாடி பக்கம்)

கூடைக்காரி அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பஞ்சாயத்தை ஒரேயடியாகக் குற்றவாளி ஆக்குவதை நான் ஏற்க மாட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். முதல் நாட்களில் சடலங்களை எடுத்ததும், பிள்ளைகளைத் தேடியதும், லாரியில் வந்த அரிசியைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பிரித்ததும் யார்? பஞ்சாயத்தார்தான். ஒரு தொண்டு நிறுவனம் சிலருக்கு மட்டும் படகு கொடுத்தால், மற்றவன் வயிறு எரியக் கூடாது என்று படகைப் பொதுவாக்கிக் கூட்டாக ஓட்டச் சொன்ன ஊர்கள் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு யார் வீட்டில் எத்தனை பேர் என்றே தெரியாது. எங்கள் நோட்டைப் பார்த்துத்தான் அவர்கள் வேலை செய்தார்கள்.


கூடைக்காரி

ஐயா, அந்த நாட்களில் பஞ்சாயத்து செய்ததை நான் மறக்கவில்லை. என் வீட்டுச் சடலத்தையும் ஊர்க்காரர்கள்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டவள்.

ஆனால் நீங்கள் சொன்ன அதே நோட்டைப் பற்றித்தான் நானும் பேசுகிறேன். தொண்டு நிறுவனங்கள் அந்த நோட்டைப் பார்த்துப் பொருள் கொடுத்தன. நோட்டில் தலைக்கட்டு மட்டும் இருந்தது. புருஷனைக் கடல் கொண்டுபோன வீட்டுக்கு, அந்த வாரமே நோட்டில் இடம் போனது. அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டிக்கொள் என்றார்கள். தனியாக வாழும் பெண்ணுக்குப் பாத்திரம் வந்தது, வலையோ படகுப் பங்கோ வரவில்லை. மீன் விற்கும் பெண் தன் முதலீட்டை இழந்தது யாருடைய கணக்கிலும் நட்டமாக எழுதப்படவில்லை.

அரசு கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா என்று வந்தது. அதை ஊர் கேட்டு வாங்கவில்லை, ஆணை போட்டார்கள், வந்தது. ஊர் தானாக மாறும் என்று காத்திருந்தவர்களுக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது. ஊராட்சி கிராம சபையில் நான் உட்காரலாம், பேசலாம், தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அதே தெருவில், அதே கோயில் வாசலில் நான் சுவர் ஓரம் நிற்க வேண்டும் என்றால் எப்படி ஐயா?


குப்பத்துப் பையன் (சென்னை)

சென்னையில் எங்கள் குப்பத்தில் மீனவர் சபைதான். மெரினா லூப் சாலை விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கால் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டன, பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. இப்படி ஒரு கட்டடம் வரும்போது கடை யாருக்கு என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியது மீன் விற்பவரின் பெயர். வீட்டுத் தலைவர் பெயரை எழுதினால், விற்கிற அம்மாவுக்குக் கடை இருக்காது. இதை மட்டும் எந்த ஊரும் கோட்டை விடக் கூடாது.

அபராதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் விலக்கு வைப்பது, கடலுக்குப் போகாதே என்று தடுப்பது, இவை நீதிமன்றத்தில் நிற்காது. கட்டப் பஞ்சாயத்தை ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு. பதிவு செய்யாமல் இருப்பது பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம்.


கணக்கு நோட்டு (நாகை)

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்தேன். மூத்தவர் ஒருவர் கூடைக்காரி அக்கா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நேற்றுப் பேசி வந்த முடிவு இது. இன்னும் ஊர்க்கூட்டத்துக்குப் போகவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தைப் பதிவு செய்யப் போவதில்லை. தேடுதல், சாவு, வலைக் கட்டுப்பாடு, திருவிழா எல்லாம் இப்போது போலவே நடக்கும். களத்துக்கும் வலைக் கூடத்துக்கும் மட்டும் தனிச் சங்கம் பதிவு செய்கிறோம். நிறுவனம் நேரடியாகக் கட்டித் தரட்டும், சங்கம் பராமரிக்கட்டும் என்று தணிக்கை ஐயா சொன்னபடி கேட்டோம். அவர்கள் மறுக்கவில்லை.

அந்தச் சங்கத்தில் உறுப்பினர் தலைக்கட்டு அல்ல. கருவாடு போடுகிறவர், மீன் விற்கிறவர், வலை வேலை செய்கிறவர், ஆணோ பெண்ணோ, கணவர் இருக்கிறாரோ இல்லையோ, அவரவர் பெயரில். செயற்குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒரு கல் வைக்கும் கூலிக்கும் ஊர்ப் பணத்தில் கை வைக்கக் கூடாது, சங்கப் பணம் கோயிலுக்குப் போகக் கூடாது.

தலைக்கட்டுப் பட்டியல் பற்றி இன்னும் உடன்பாடு வரவில்லை. கணவரை இழந்த வீடுகளை வரி இல்லாமலே பட்டியலில் சேர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வரி கட்டினால்தான் குரல் என்று சிலர் சொல்கிறார்கள். ஏலப் பங்கையே வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். யார் எவ்வளவுக்கு மீன் எடுத்தார் என்பதற்கு ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, வாங்கியவர் பெயரையும் இந்த வாரத்திலிருந்து எழுதுகிறேன். கார்பன் புத்தகம் வந்துவிட்டது.

தணிக்கை ஐயா, சங்க விதிகளில் தவறாமல் இருக்க வேண்டியது எது என்று சொல்ல முடியுமா?


கூடைக்காரி

ஐந்தாவது கட்டத்தை யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள் தம்பி. ஆறு மாதம் எழுதுங்கள். பிறகு கூட்டத்தில் பெயர் பெயராகக் கூட்டிப் படியுங்கள். யார் வரி கட்டுகிறார்கள் என்று அப்போது பேசுவோம். களத்துக்குத் தண்ணீர்க் குழாய் மேட்டுப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள், கழுவிய தண்ணீர் கருவாட்டுப் பக்கம் ஓடக் கூடாது.


தணிக்கை

நல்ல முடிவு. பொது மாதிரி விதிகளை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இவற்றைச் சேருங்கள்.

உறுப்பினர் தகுதியில் ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது. தொழில் செய்பவர் என்று எழுதுங்கள், எந்தெந்தத் தொழில் என்று பட்டியல் இடுங்கள். வங்கிக் கணக்கை இயக்கும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது என்றும் போடுங்கள். பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும் என்பதோடு, அதில் பெண்கள் எத்தனை பேர் என்றும் தனியாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பெண்கள் இல்லாத கூட்டத்தில் தீர்மானம் போடுவார்கள். கூட்டத்தின் நேரத்தை விதியிலேயே எழுதுங்கள். மீன் விற்கப் போகிறவர்கள் விடியற்காலையில் வர முடியாது, சந்தை முடிந்த பிறகு வையுங்கள்.

களத்தைப் பயன்படுத்த ஒரு கட்டணம் வைத்தாக வேண்டும். இலவசம் என்றால் இரண்டாவது மழைக்காலத்தில் தரை பெயர்ந்து கிடக்கும், சரிசெய்ய ஆள் இருக்காது. அந்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் பொதுக்குழுதான் நிர்ணயிக்க வேண்டும், செயற்குழு அல்ல. களத்தை எவருக்கும் குத்தகைக்கு விடக் கூடாது என்றும் ஒரு விதி வையுங்கள்.

வரைவைத் தமிழிலேயே தயாரித்து, ஊர்க்கூட்டத்துக்கு முன் பெண்களிடம் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் பார்த்துத் தருகிறேன்.